ஜெனரேட்டர் இருக்கு... ஓடுமா? மாதாந்திர மின்தடையை ஒத்திகை நாளாக்கினால் என்ன?

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை மின்தடை.’ மதுரைக்காரர்களுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம். கீழே ஊர்ப் பட்டியல் வரும். அதில் நாகமலை புதுக்கோட்டை இருந்தால், அங்கே உள்ளவர்கள் செய்யும் வேலையும் மனப்பாடம்தான். முதல் நாள் ராத்திரியே மாவு அரைத்து வைப்பது, காலை 9 மணிக்குள் மாடி டேங்க்கை நிரப்புவது, போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றையும் சார்ஜ் போடுவது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அன்று ஒரு மீட்டிங்கைத் தள்ளி வைப்பார்கள். சாயங்காலம் கரன்ட் வந்துவிடும். கதை முடிந்தது.

வீடுகள் இப்படி ரெடியாகிவிடுகின்றன. ஊருக்குப் பொதுவான இடங்கள்? ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார் ரூம், புயல் மழையில் மக்களைத் தங்க வைக்கும் பள்ளிக்கூடம்... இவற்றைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “ஜெனரேட்டர் இருக்குல்ல?”

அந்தப் பதில் எவ்வளவு பலவீனமானது என்பதை மதுரை 2019-ல் பார்த்துவிட்டது.

அன்று பெரியாஸ்பத்திரியில்...

2019 மே 7. கோடை மழை, பலத்த காற்று. மாலையில் நகரின் பல பகுதிகளில் மின்சாரம் போனது. தென் மாவட்டங்களுக்கே கடைசி நம்பிக்கையான அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இருட்டு. அங்கே ஜெனரேட்டர் இல்லாமல் இல்லை. ஆனால் தேவைப்பட்ட அந்த நேரத்தில் அது கை கொடுக்கவில்லை என்ற புகார் எழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தனர். முதலில் 3 பேர் என்றும், பிறகு 5 பேர் என்றும் செய்திகள் வந்தன.

வென்டிலேட்டர் நின்றதுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நோயாளிகள் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் இருந்தவர்கள், வென்டிலேட்டர்களில் பேட்டரி பேக்கப் இருந்தது, மரணங்களுக்கு மின்தடை காரணமில்லை என்றது மருத்துவமனை நிர்வாகம். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது.

இறப்புக்கான காரணத்தில் இரண்டு தரப்பு இருக்கலாம். ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டு தரப்பே கிடையாது. அந்த ஜெனரேட்டரின் நிலை கரன்ட் போன பிறகுதான் தெரிய வேண்டுமா?

கரன்ட் கட் குறைந்தால் ஜெனரேட்டருக்கு ஆபத்து!

கேட்க விநோதமாக இருக்கும். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. அப்போது ஸ்கூல் படித்தவர்களுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ஜெனரேட்டர்கள் தினமும் ஓடின. தினமும் ஓடியதால், ரிப்பேர் ஆனால் அன்றைக்கே தெரிந்தது, அன்றைக்கே மெக்கானிக் வந்தார்.

இப்போது நிலைமை வேறு. மின்வெட்டு அந்த அளவுக்கு இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் கட்டடத்தின் பின்பக்கம் ஷெட்டுக்குள் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது. ஸ்டார்ட் செய்யும் பேட்டரி மெல்ல மெல்ல இறங்குகிறது. டேங்க்கில் இருக்கும் பழைய டீசலில் கசடு சேர்கிறது. எலி வயரைக் கடிக்கிறது. அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இருப்பதில்லை, அந்தச் சின்ன பேட்டரியில்தான். பல லட்ச ரூபாய் மெஷினைச் சில ஆயிரம் ரூபாய் பேட்டரி முடக்கிப் போடுகிறது.

அமெரிக்க மருத்துவமனைகள் பின்பற்றும் விதிமுறை இதற்காகவே இருக்கிறது. மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், குறைந்தது 30 சதவீத லோடு கொடுத்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘லோடு கொடுத்து’ என்பதுதான் இதில் முக்கியம். பட்டனை அமுக்கி, புகை வந்ததும் “ஓடுது சார்” என்று அணைத்துவிடுவது டெஸ்ட் ஆகாது. பைக்கை ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்குக் கிளம்புவது போலத்தான்.

மாடியில் சோலார் இருக்கே?

அரசுக் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் இப்போது சோலார் பேனல்களைப் பார்க்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள். அப்படியானால் கரன்ட் போனால் சோலாரில் ஓட்டிக்கொள்ளலாமே?

முடியாது. பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், லைனில் கரன்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். இது கோளாறு இல்லை. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன், கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். ஆக, உச்சி வெயிலில் பேனல் பளபளக்க, கீழே ஃபேன் நிற்கும். இந்த வகை சோலார் மின் கட்டணத்தைக் குறைக்கும். மின்தடைக்கு உதவாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து “எங்களுக்கு சோலார் இருக்கு” என்று நிம்மதியாக இருக்கும் அலுவலகங்கள் உஷாராக வேண்டும்.

பேட்டரியோடு சேர்த்துப் போட்டால் நிலைமையே மாறுகிறது. சத்தீஸ்கர் அரசின் மரபுசாரா எரிசக்தி அமைப்பான கிரெடா, நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியுடன் கூடிய சின்ன சோலார் அமைப்புகளைப் பொருத்தியது. அவற்றை ஆராய்ந்து சி.இ.இ.டபிள்யூ. என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் 2017-ல் அறிக்கை வெளியிட்டது. சோலார் உள்ள நிலையங்களில், இல்லாதவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரசவங்கள் நடந்திருந்தன. எல்லாப் பெருமையும் பேனலுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ராத்திரி விளக்கு எரியும் என்ற உத்தரவாதம் இருக்கும் இடத்துக்குப் பிரசவத்துக்கு ஆள் வருவார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சியே தேவையில்லை.

எது நின்றால் ஊர் நிற்கும்?

பேக்கப் என்றதும் முழுக் கட்டடத்துக்கும் சேர்த்துப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதுதான் வழக்கம். பணம் வீணாவது இங்கேதான். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம்தான் கிடைக்கும். டீசல் விற்கிற விலைக்கு ஒரு யூனிட் சுமார் 30 ரூபாய் ஆகிவிடும். டாக்டர் ரூம் ஏ.சி.யையும் வராண்டா ஃபேனையும் இதில் ஓட்டினால் பில்லைப் பார்த்தே ஜெனரேட்டரை ஆஃப் செய்து வைப்பார்கள்.

உண்மையில் நிற்கவே கூடாதவை கொஞ்சம்தான். ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் பிரசவ அறை விளக்குகள், பச்சிளங்குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர், சளி உறிஞ்சும் கருவி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். எல்லாம் சேர்ந்தாலும் தோராயமாக ஒன்றரை கிலோவாட். ஒரு வீட்டு ஏ.சி. இழுக்கும் அளவுதான். நான்கு மணி நேரத்துக்கு ஆறு யூனிட். நல்ல இன்வெர்ட்டரும் பேட்டரியும் இதைச் சமாளிக்கும். தடுப்பூசி கெட்டுவிடுமே என்று பலர் பயப்படுவார்கள். அங்கே இருக்கும் ஐஸ் லைன்டு ஃபிரிட்ஜ், மூடியைத் திறந்து திறந்து மூடாவிட்டால், ஒரு நாளில் 8 மணி நேரம் கரன்ட் கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரைத் தக்க வைத்துக்கொள்ளும். வார்மருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடுத்தது தண்ணீர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ஊர்களை முதலில் தவிக்க வைத்தது இருட்டு இல்லை, குடிநீர்தான். மேல்நிலைத் தொட்டி நிற்கிறது, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, ஏற்றுவதற்குக் கரன்ட் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பினார்கள்.

அதில் நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊர்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஒவ்வொரு மோட்டார் ரூமுக்கும் தனி ஜெனரேட்டர் வாங்க வேண்டாம். வெளியிலிருந்து ஜெனரேட்டரை இணைக்க ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்தினால் போதும். மதுரைப் பக்கம் ஜெனரேட்டர் வண்டிக்கா பஞ்சம்? கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று சீரியல் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் வாடகைக்கு ஓடும் வண்டிகள் எத்தனை! திருவிழா சீசனில் தினமும் ஓடுவதால் அவை ஃபிட்டாகவும் இருக்கும். அவசர காலத்தில் இன்ன வாடகைக்கு வர வேண்டும் என்று ஊராட்சி முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம். சுவிட்ச் மட்டும் கட்டாயம். அது இல்லாமல் நேரடியாக வயரைக் கொடுத்தால், கரன்ட் திரும்ப லைனுக்குப் போய் கம்பத்தில் இருப்பவரைக் கொல்லும்.

உயரமும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடையாற்றங்கரையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து, மின்சாரமும் ஜெனரேட்டரும் செயலிழந்தன. அங்கே 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. கண்மாய் நீர் வரும் பகுதிகளில் கட்டடத்தின் மிகத் தாழ்வான மூலையில் ஜெனரேட்டரை வைத்திருப்பவர்கள் அதை மேடேற்றுவது நல்லது.

செலவே இல்லாத டெஸ்ட்

இதற்கெல்லாம் நிதி, டெண்டர், அனுமதி என்று நாளாகும். ஒரே ஒரு வேலைக்கு எதுவும் வேண்டாம். மின்வாரியம்தான் தேதியும் நேரமும் போட்டு மாதாமாதம் கரன்ட்டை நிறுத்துகிறதே! உலகில் பல மருத்துவமனைகள் தாங்களாக மெயினை அணைத்துச் செய்யும் ஒத்திகை, இங்கே முன்னறிவிப்போடு இலவசமாக நடக்கிறது. எதிர்பாராத மின்தடையில் தெரியவரும் அத்தனை ஓட்டைகளும் அன்று பகல் வெளிச்சத்தில், டாக்டரும் எலெக்ட்ரீஷியனும் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இப்போது என்ன நடக்கிறது? அறிவிப்பு வருகிறது, கரன்ட் போகிறது, வருகிறது. அந்த ஏழெட்டு மணி நேரத்தில் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுத்தது, இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை எழுதி வைத்து, கட்டட வாசலில் ஒட்ட யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை போட்டால் முடிகிற காரியம். ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற வாதம் வரும். ஒரு நோட்டு, ஒரு பேனா, கடிகாரம் பார்க்கத் தெரிந்த ஒருவர். இதற்குமேல் ஆள் தேவைப்படாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. சாலை, தெருவிளக்கு, சாக்கடை பற்றி அங்கே கேள்வி வருகிறது. அடுத்த முறை நாகமலை புதுக்கோட்டைக்காரர் யாராவது எழுந்து, போன மாத மின்தடை அன்று மோட்டார் ரூமிலும் ஆஸ்பத்திரியிலும் என்ன ஓடியது, ஜெனரேட்டர் ஷெட்டின் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்று கேட்கலாம். பல இடங்களில் அந்தச் சாவிக்கே அன்றுதான் தேட ஆரம்பிப்பார்கள்.