எஸ்தரிடம் கேட்காத கேள்வி

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் நின்று 'எஸ்தர்' என்று கூப்பிட்டாலும் ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஓர் அத்தை, ஒரு பெரியம்மா. வருஷா வருஷம் பெண்கள் ஞாயிறன்று அதே பிரசங்கம்தான்: எஸ்தர் அழகி, அடக்கமானவள், சொன்னபடி கேட்டாள், ஜனத்தைக் காப்பாற்றினாள். ராஜா கூப்பிட்டும் போகாத வஸ்திக்கு நடுவில் ஒரு குட்டு.

புத்தகத்தை வாசித்தால் வேறு பெண் இருக்கிறாள். 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேருவின் ஆட்கள் ஊர் ஊராகக் கன்னிப்பெண்களைச் சேர்க்கிறார்கள். அதில் இவளும் கொண்டுபோகப்படுகிறாள். 6 மாதம் வெள்ளைப்போளத் தைலம், 6 மாதம் வாசனைத் திரவியம். பிறகு ஆளுக்கு ஓர் இரவு. விடிந்தால் மறுமனையாட்டிகளின் மாடம். எஸ்தரும் அந்த இரவைத் தாண்டித்தான் கிரீடம் வாங்கினாள். தன் குலத்தையும் மறைத்தாள். அழைக்காமல் ராஜா முன்னால் போனால் சாவு என்று சட்டம். 30 நாளாக அவளுக்கு அழைப்பில்லை. போனாள். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

இந்தச் சங்கடம் நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வந்ததில்லை. எபிரெய மூலத்தில் கடவுள் என்ற சொல்லே கிடையாது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஒரு நீண்ட ஜெபத்தைச் சேர்த்து, அந்நியனின் படுக்கையைத் தான் வெறுப்பதாக அவள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். நாயகியைக் குளிப்பாட்டி நிறுத்தும் வேலை 2000 வருஷப் பழசு!

நான் கோபப்படுவது எஸ்தருக்காக அல்ல, குளோரிந்தாவுக்காக. தஞ்சாவூர் பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து மீட்டான் என்று சொல்லப்படும் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவு இருக்கும்வரை முடியாது என்று சுவார்ட்சு ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி செத்தபிறகு, 1778-ல், பாளையங்கோட்டையில்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர்; முதல் பெயர் அவளுடையது. முன்நின்று பணம் போட்டு அவள் கட்டிய கோயிலை சுவார்ட்சே வந்து 1785-ல் பிரதிஷ்டை செய்தார். ஊர் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றது. பெருங்குளத்து அ. மாதவையா 1915-ல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

பிரசங்கங்களில் அவள் கதை 1778-ல்தான் பிறக்கிறது. அதற்கு முந்தைய வருஷங்களைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிவிடுகிறோம். 'எஸ்தர் கட்டிய மனைவி, இவள் அப்படியா?' என்பார்கள். அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய இரவை என்ன செய்வதாம்? வேதத்தில் இருப்பவளிடம் கேட்காத கேள்வியை, நம் கோயிலைக் கட்டியவளிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? தஞ்சாவூர் வாசலில் மறுக்கப்பட்டவள் கசந்துபோய் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. மறுத்த அதே ஆளை வரவழைத்துத் தன் கோயிலைப் பிரதிஷ்டை செய்ய வைத்தாள். அழைப்பில்லாமல் உள்ளே நுழைவது என்றால் இதுதான்.

தங்கச்சிக்குப் பெண் பிறந்தபோது குளோரிந்தா என்று வைக்கலாமே என்றேன். ஆச்சி தலையை ஆட்டிவிட்டாள்.

"அவ பெரிய மனுஷிதாம்ல. ஆனா அந்தப் பேரு வேண்டாம்."

எஸ்தர் என்று வைத்தார்கள்.