அசத்தல் என்றால் அசதி!

டி.வி-யைப் போட்டால் பிரமாண்டம், அதிசயம், அற்புதம், அசத்தல்! வெங்காயச் சட்னி அரைத்தால்கூட 'அசத்தலோ அசத்தல்'தான். பிளந்து பிளந்து வாய்தான் வலிக்கிறது.

இந்த வார்த்தைகளைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். 'அசந்து தூங்கிட்டேன்' என்கிறோமே, அந்த அசதியின் பிள்ளைதான் அசத்தல். பிரமிப்பு பிறந்த வீடு பிரமை. வியப்புக்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் மருட்கை. மருள் என்றால் மயக்கம். இங்கிலீஷ்காரரின் 'அஸ்டானிஷ்' லத்தீன் மொழியின் இடியிலிருந்து வந்தது. இடி விழுந்தவன் மாதிரி விறைத்து நிற்பது! ஆக, எந்த ஊரிலும் வியப்பு என்றால், புத்தி ஒரு கணம் வேலைநிறுத்தம் செய்வது. ஒரு கணம் என்றால் சரி. நூறு வருஷம் என்றால்?

மணவாளக்குறிச்சிக்கு வாருங்கள். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குள் இருக்கும் தோரியத்துக்குப் பெயர் கொடுத்தவர் 'தோர்' என்கிற இடிக் கடவுள். இங்கேயும் இடி!

மருட்கைக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நான்கும் இந்த மணலில் உண்டு. அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ் மேன்டிலை வெள்ளையாக எரியவைத்த புதுமை. உலகத்தின் பெரிய தோரிய இருப்புகளில் ஒன்று இந்தியாவில் என்கிற பெருமை. அத்தனையும் பொடி மணலுக்குள் என்கிற சிறுமை. நியூட்ரானை விழுங்கிய தோரியம் கடைசியில் யுரேனியமாக மாறும் ஆக்கம்.

வியக்க வேண்டியதுதான். ஆனால், கேள்வி கேட்பவன் வாயை அடைக்க அந்த வியப்பையே எடுத்து நீட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'அரிய மண்' என்று பெயரிலேயே வியப்பைப் பூசியாயிற்று. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சீரியம், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய தாமிரம் அளவுக்கு இருக்கிறது. இதில் அரிது எங்கே வந்தது?

2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வந்தபோது கடற்கரை ஊர்கள் எதிர்த்து நின்றன. இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகம் உள்ள கரை இது. தோண்டினால் கூடுமா, குறையுமா? கடல் உள்ளே வருமா? எங்கள் பிள்ளைகள் உடம்புக்கு என்ன ஆகும்? இதற்கெல்லாம் 'தோரியப் புதையல், தேசத்தின் பெருமை' என்பது பதிலா? எதிர்ப்பவர்களில் சிலரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அளவு சொல்லாமல் வாட்ஸ்அப்பில் பீதியை மட்டும் அனுப்புகிறார்கள். அதுவும் இடிதான், அதிலும் புத்தி விறைத்துத்தான் போகும்.

நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். வியப்பு, கணக்குப் புத்தகத்தில் ஏறாது. அளந்த கதிர்வீச்சு, அரித்த கரை, நோயாளிகள் எண்ணிக்கை... இதையெல்லாம் ஊர் மொழியில் எழுதி, ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு வியக்கிறோம்.

'ஐ' என்றால் வியப்பு என்கிறது தொல்காப்பியம். இன்றைக்கும் குழந்தைகள் 'ஐ!' என்றுதான் துள்ளுகின்றன. ஆனால், அதோடு நிற்பதில்லை. அடுத்த மூச்சிலேயே 'இது ஏன் இப்படி?' என்று பிய்த்து எடுத்துவிடும்.

'ஐ' வந்தால் பின்னாலேயே 'ஏன்' வர வேண்டும். வராவிட்டால், வருவது 'ஐயோ'தான்!