வீட்டுக்காகக் கட்டிலா, கட்டிலுக்காக வீடா?

எங்கள் வீட்டில் மறுபடியும் பர்னிச்சர் பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள், "பெரியவளுக்கு எடுத்த மாதிரியே இவளுக்கும் ஒரு செட் எடுத்துரணும். ஒருத்திக்குச் செஞ்சுட்டு இன்னொருத்திக்குச் செய்யாம விட முடியாது பாருங்க."

நான் இன்னும் பி.காம். முடிக்கவில்லை. மாப்பிள்ளை யார் என்று தெரியாது. எந்த ஊரில் குடித்தனம் என்று தெரியாது. அந்த வீட்டுப் படுக்கையறை என்ன அளவு என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் என் கட்டில் மட்டும் ஆறடிக்கு ஆறரையடி என்று முடிவாகிவிட்டது!

சிரிப்பு வந்தாலும், அக்கா கல்யாணத்தில் நடந்ததை நினைத்தால் சிரிக்க முடியவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன். கல்யாணச் சீருக்குப் பர்னிச்சர் எடுக்கப் போகிறவர்கள் யாராவது படித்தால் உபயோகமாக இருக்கும்.

2023 ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில், "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார்கள். இந்த வசனம் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்களா? 'இவ்வளவு வேண்டும்' என்று கேட்டிருந்தாலாவது ஒரு எல்லை இருந்திருக்கும். எதுவும் கேட்காததால் அப்பாவுக்கு எல்லையே இல்லாமல் போய்விட்டது. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடாத மனிதர், ஆடித் தள்ளுபடி என்றதும் திண்டுக்கல்லில் ஒரு கடைக்கு எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார். கட்டில், மூன்று கதவு பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் சேர்ந்த பெட்ரூம் செட் 90,000 ரூபாய், ரொக்கம். சோபா செட் 60,000 ரூபாய், தவணை.

அக்காவும் மாமாவும் குடியேறப் போவது சென்னை வேளச்சேரியில், இரண்டாவது மாடி வாடகை வீட்டில். திண்டுக்கல்லில் இருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் பர்னிச்சர் கடையே இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் அங்கே வாங்கினால் எங்கள் தெரு எப்படிப் பார்க்கும்? சாமான் லாரியில் ஏறுவதை நாலு பேர் பார்க்க வேண்டும், அதுதான் விஷயம். கடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் எங்களில் ஒருவர்கூட அந்த வீட்டின் அளவைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேளச்சேரி வீட்டுப் படுக்கையறை பத்துக்குப் பத்து. தலைமாட்டுப் பலகையோடு கட்டில் நீளம் ஏழடி. எதிர்ச் சுவரில் பீரோவின் ஆழம் இரண்டடி. மிச்சம் ஒரு அடி. பீரோ கதவின் அகலமோ ஒன்றரை அடி. அதனால் கதவு பாதி திறந்து கட்டிலில் இடித்துக்கொண்டு நிற்கும். அக்கா ஒரு வருஷம் பக்கவாட்டில் கையை விட்டுத்தான் புடவை எடுத்தாள். சோபா மாடிப்படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்ற 2,500 ரூபாய் தனியாக ஆனது.

சரி, இட நெருக்கடி எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். பொருளாவது நல்ல பொருளா? கடையில் 'எஞ்சினியர்டு வுட்' என்று சொன்னார்கள். ஏதோ எஞ்சினியர்கள் சேர்ந்து கண்டுபிடித்த உயர்ந்த மரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., பிளைவுட் எல்லாமே அந்தப் பெயருக்குள் அடக்கம். எங்களுக்குக் கிடைத்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்துண்டையும் மரத்தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை, மேலே மரம் மாதிரி ஒரு தாள். விலை குறைவு, ஒரே இடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஒரு தடவை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிறவர்களுக்கு, இதைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தோம்.

2024 ஜூலையில் மாமாவுக்கு ஓசூரில் வேலை. வீடு மாற்றக் கழற்றியபோது பீரோவின் அடிப்பலகை பிட்டு மாதிரி உதிர்ந்தது. கட்டில் மட்டும் தேறியது, ஆனால் ஓசூர் வீட்டு அறை இன்னும் சின்னது. பழைய சாமான் எடுப்பவர் மொத்த செட்டுக்கும் 11,000 ரூபாய் கொடுத்தார். வருமான வரிக் கணக்கில் பர்னிச்சருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வகுப்பில் படிக்கிறோம். அந்தக் கணக்குப்படி 90,000 ரூபாய் செட் ஒரு வருஷம் கழித்து 81,000. நிஜத்தில் 11,000. அம்மா கல்யாணத்துக்கு 1997ல் தாத்தா வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ மூன்று வீடு மாறி இன்றைக்கும் எங்கள் வீட்டில் பூட்டித் திறக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த 11,000 வந்த அதே மாதம்தான் அப்பா சோபாவுக்குக் கடைசித் தவணை கட்டினார். 'வட்டியில்லாத் தவணை' என்று சொன்னார்களே, அந்தக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 5,000 வீதம் 12 மாதம், ஆக 60,000. இதில் வட்டி எங்கே என்று கேட்பீர்கள். அதே சோபாவுக்கு ரொக்க விலை 55,000. அது போக, பிராசஸிங் கட்டணம் 1,000, அதற்கு வரி 180, இரண்டும் முதலிலேயே கட்டியாகிவிட்டது. ஆக நமக்குக் கிடைத்த கடன் 53,820, திருப்பிக் கட்டியது 60,000. கூடுதல் 6,180. பதினொன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. அதையும் சேர்த்து எக்செலில் போட்டுப் பார்த்தால் வருஷ வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது! பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கடை வாசலில் தொங்கும் பேனர்தான் இன்னும் மாறவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப பொண்ணை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா? நாளைக்கு அவளுக்குன்னு ஒரு சாமான் வேண்டாமா?" வேண்டும்தான். சீராகக் கொடுப்பது சட்டப்படி பெண்ணுக்கே சொந்தம். 1961 வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985ல் வந்த விதிகள், கல்யாணத்தில் கொடுக்கும் பரிசுகளை எழுதிப் பட்டியல் போட்டு வைக்கச் சொல்கின்றன. எத்தனை வீட்டில் எழுதுகிறார்கள்? எழுதினாலும், உப்பிப்போன பீரோவைப் பட்டியலில் வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்ய முடியும்? அந்த ஒன்றரை லட்சத்தை அவள் பெயரில் வங்கியில் போட்டிருந்தால் அதுதான் அவளுக்கென்று இருந்திருக்கும். அதிலிருந்து வேண்டியதை வேண்டியபோது எடுத்து வாங்கியிருப்பாள்.

நான் பர்னிச்சரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் வாங்கட்டும், குடியேறிய பிறகு வாங்கட்டும் என்கிறேன். அக்கா விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:

1. முதல் மாதம் பாயும் இரண்டு நாற்காலியும் போதும். எது தேவை, எங்கே வெளிச்சம் வருகிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

2. அறையை மட்டும் அளக்காமல் வாசற்படி, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

3. 'எஞ்சினியர்டு வுட்' என்றால் அதில் எது என்று கேளுங்கள். பிளைவுட்டிலும் ஐ.எஸ். 303 சாதாரண ரகம், ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் ரகம். சோபா என்றால் பஞ்சின் அடர்த்தி எவ்வளவு, 32ஆ 40ஆ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

4. தவணை என்றால் முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

5. பழைய சாமானைக் கேவலமாக நினைக்காதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அக்கா வாங்கிய தேக்கு மேஜைதான் ஓசூருக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. விலை 3,000 ரூபாய்.

ஓசூரில் அக்காவும் மாமாவும் ஒன்றரை மாதம் பாயில் படுத்துவிட்டு, அப்புறம் அளந்து ஐந்துக்கு ஆறரையில் ஓர் இரும்புக் கட்டில் வாங்கினார்கள். பீரோ கதவு இப்போது முழுசாகத் திறக்கிறதாம். போனில் அதை ஒரு பெரிய செய்தியாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அம்மா, "ஊர் என்ன சொல்லும்?" என்று எழுந்து போய்விட்டாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி நான் படித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தச் சோபா வட்டிக் கணக்கை இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா" என்றார்.