வெயிலுக்குள் ஒளிந்திருக்கும் கறுப்புக் கோடுகள்

கோரிப்பாளையம் சிக்னலில் மதியம் இரண்டு நிமிடம் நின்றாலே மண்டை காய்ந்துவிடும். அப்படிச் சுட்டெரிக்கும் வெயிலில் சில நிறங்கள் குறைகின்றன என்றால் நம்புவீர்களா?

சூரிய ஒளி முப்பட்டகத்தில் புகுந்தால் வானவில்லாக விரியும். நுட்பமான கருவியில் பார்த்தால், அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் 1814-ல் இவற்றை நூற்றுக்கணக்கில் கண்டு பதிவு செய்தார். ஆனால், காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

விடை நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. குழம்பு பொங்கி வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியத்தின் வேலை அது. சூரியனின் மேலடுக்கில் சற்றே வெப்பம் குறைந்த சோடியம் ஆவி, அதே மஞ்சளை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய இடம்தான் கறுப்புக் கோடு! இரும்பு, கால்சியம் என ஒவ்வொன்றுக்கும் கைரேகை போலத் தனித்தனிக் கோடுகள் உண்டு. இதை 1859-ல் விளக்கியவர்கள் கிர்க்காஃப், புன்சன் இருவரும்.

இந்தக் கோடுகளைப் படிக்கும் முக்கியமான இடம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். அது உருவான கதைக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னகமே பசியில் துடித்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899-ல் ஆய்வகத்தை மலையேற்றியது.

அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5-ம் தேதி சூரியப் புள்ளிகளை ஆராய்ந்தபோது, இந்தக் கோடுகள் இம்மியளவு நகர்ந்திருப்பதைக் கண்டார். ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சைரன் ஒலி மாறுகிறதல்லவா? ஒளியிலும் அப்படித்தான். புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை அந்த நகர்வு காட்டிக்கொடுத்தது. உலகப் பாடநூல்களில் இன்றும் அதற்குப் பெயர் ‘எவர்ஷெட் விளைவு’.

மழையின் ரகசியத்தைச் சூரியப் புள்ளிகள் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவில்லை. ஆனால், கால்சியம் கோட்டின் ஒளியில் மட்டும் கொடைக்கானலில் நூறாண்டுகளுக்கும் மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள், இன்று உலக விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம்.

அடுத்த முறை அடுப்புச் சுடர் மஞ்சளானால், திட்டிக்கொண்டே துடைக்காமல் ஒரு நொடி பாருங்கள். சூரியன் நமக்கு அனுப்பாமல் பிடித்துவைத்த நிறம் அதுதான்!