புல்தரைக்குப் பதில் நித்தியகல்யாணி

அரசாங்கக் கட்டிடங்களின் முன்னே புல்தரை இருந்தே தீரவேண்டும் என்பது நாமாக வகுத்துக்கொண்ட விதி. டில்லியின் மே மாத வெயிலில் அதற்கு இறைக்கும் நீரைக் கணக்கிட எவரும் முன்வருவதில்லை. ஆள் நடமாட்டமற்ற வெயில் திட்டுகளிலேனும் புல்லைக் கைவிட்டு, நித்தியகல்யாணியை அடரவிடலாம் என்பது என் கருத்து.

மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இப்பல்லாண்டுச் செடி, வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கும்; ஆடுமாடுகளும் பெரும்பாலும் தீண்டா. அடிக்கு ஒன்றாக நட்டு, நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால், குட்டையாகக் கிளைத்துத் தரையை மூடிவிடும். நீர் தேங்கினாலோ வேர் அழுகும். தோட்டக்காரரின் அன்பு மிகுதியால் மடிந்த செடிகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இந்தியில் இதன் பெயர் ‘சதாபஹார்’, அதாவது என்றும் வசந்தம். நம்மவரோ ‘சுடுகாட்டு மல்லி’ என்று பெயரிட்டு, வீட்டு வாயிலினின்று விலக்கினர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பெயர் உறுத்துகிறது. இச்செடியினின்று பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது முதல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகி வருகிறது. அதற்காக இலையைப் பறித்து வீட்டிலேயே கஷாயமிட வேண்டாம், செடி நச்சுடையது.