வைத்தியசாலைக் குப்பையும் ஸ்திரீகளும்

செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமென்று 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் அங்கீகரித்தனர். ராஜகிரியைக் காண வரும் யாத்திரிகர் பொருட்டு வீதிகள் சுத்தமாயிருக்க வேண்டுமென்று பலரும் விரும்புவது இயல்பே. அவற்றைச் சுத்தஞ் செய்பவர் யாவர் என்று கேட்பாரைத்தான் காணோம்.

விடியுமுன் துடைப்பமும் கையுமாய் வருபவர்களில் ஸ்திரீகள் பலர். 2020இல் கொரோனா பரவி, நோயாளிகள் வீடுகளிலேயே தனித்திருந்த காலத்தில், அவர்களுடைய முகக்கவசங்களை மஞ்சள் பையிலிட்டுத் தனியே ஒப்படைக்க வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் கட்டளையிட்டனர். நல்ல கட்டளைதான். மஞ்சள் பை எத்தனை வீடுகளை எட்டிற்று? எட்டாத வீட்டுக் குப்பையைப் பிரித்ததும் மேற்படி ஸ்திரீகளின் கையே.

வைத்தியசாலைக் கழிவைப் பற்றிய 1998ஆம் வருஷத்து விதிகளுக்குப் பதிலாக 2016இல் புதிய விதிகள் வந்தன. கழிவைத் தொடுவோருக்கு மஞ்சட்காமாலை, இசிவு நோய்த் தடுப்பூசிகள், வருஷந்தோறும் பயிற்சி, தேக பரிசோதனை, பாதுகாப்பு உடை ஆகியவற்றை அவை விதிக்கின்றன. இவற்றில் நாம் குறை காணவில்லை. ஆனால் 'பணியாளர்' என்ற ஒரு சொல்லில் ஆணையும் பெண்ணையும் அடக்கிவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? உடையும் கையுறையும் பெரும்பாலும் ஆண்களின் அளவுக்கே தைக்கப்படுகின்றன. தொளதொளத்த கையுறையுடன் ஊசி கலந்த குப்பையைப் பிரிப்பது எவ்வளவு அபாயமென்பதை விளக்க வேண்டுவதில்லை. முழு அங்கியை அணிந்தால் வேலை முடியும்வரை கழற்ற இயலாது. ஆதலால் தாகமெடுத்தும் தண்ணீர் அருந்தாதிருந்த ஸ்திரீகள் உண்டு. மாதவிலக்கு நாட்களில் அவர்கள் பட்ட பாட்டை எந்த விதியும் பேசவில்லை. பேசுவது அநாகரிகம் என்று கருதுவோரும் நம்மிடையே உளர்!

2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் வாங்கப்பட்ட பாதுகாப்புச் சாதனங்கள் மட்டும் சுமார் 87,000 டன் என்றும், அவற்றிற் பெரும்பகுதி கழிவாயிற்று என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2022இல் கணக்கிட்டனர். அனுப்புவதில் காட்டிய ஊக்கம் அகற்றுவதில் இல்லை.

அந்நாட்களில் தேசமெங்கும் இவர்களுக்கு மலர் தூவினோம், மாலையிட்டோம். நம் மாகாணத்தில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என்றாயிற்று. பெயர் மாறியதில் சந்தோஷமே. கையுறையின் அளவும் மாறட்டும். பெண் விடுதலையைப் பற்றி மேடையேறும் நண்பர்கள், அடுத்த கொள்ளைநோய் வருமுன் இதைக் கையிலெடுப்பார்களாக.

செஞ்சி நகர நிர்வாகிகளிடம் நாம் கேட்பது அதிகமன்று. வேலை செய்யுமிடத்திற்கு அருகே ஸ்திரீகளுக்குக் கழிப்பிடமும் அவர்கள் கைக்கேற்ற கையுறையும் வேண்டும். கழிவை நிறுத்துக் கணக்கெழுதும் மேற்பார்வை வேலையும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலியாயிருக்கும் ஒருத்திக்கு ஊசி குத்திவிட்டால், அவர் வைத்தியத்துக்குப் போகும் நாளின் கூலி பிடிக்கப்படுமா, படாதா என்பதை எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.