கோட்டை வாசலும் ஒட்டிய கவரும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. 1799இல் வெள்ளையர் அதை இடித்தனர். 1801இல் ஊமைத்துரை மறுபடியும் எழுப்பினார். அதே ஆண்டு மே மாதம் அதுவும் விழுந்தது. இன்று அங்கே நாம் காண்பது 1974இல் தமிழக அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை.

மண் கோட்டைகளின் காலம் மலையேறிவிட்டது. ஆனால் கோட்டையும் வாசலும் காவலும் போய்விடவில்லை. இன்று ஒவ்வொரு வங்கியும், துறைமுகமும், டெலிபோன் கம்பெனியும் தன் கம்ப்யூட்டர்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரை வைத்திருக்கிறது. அதற்கு ஃபயர்வால் என்று பெயர். தீச்சுவர் என்று தமிழில் சொல்லலாம். "இதை உள்ளே விடு, அதைத் தடுத்து நிறுத்து" என்று எழுதிக் கொடுத்த விதிகளின்படி அது காவல் காக்கிறது.

அந்தக் காவலாளிக்கு இப்போது ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது. அதன் பலனை அனுபவிக்கிறவர்கள் நாம். ஆகவே அதைச் சற்று விளங்கிக் கொள்வது நல்லது.

தபால் கார்டும் கவரும்

முன்பெல்லாம் இணையத்தில் போன செய்திகள் பெரும்பாலும் தபால் கார்டு மாதிரி. வழியில் நிற்கிற எவரும் முழுவதையும் படிக்கலாம். இப்போதோ பெரும்பான்மையான இணையதளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற முறையில் சங்கேதமாகவே பேசுகின்றன. கார்டு போய், ஒட்டிய கவர் வந்துவிட்டது. நம் வங்கிக் கணக்கும் வைத்தியக் குறிப்பும் திருடர் கண்ணில் படாமல் இருப்பது இதனால்தான். வரவேற்க வேண்டிய மாறுதல், சந்தேகமில்லை.

ஆனால் கவரின் மேல் காவலாளிக்குத் தெரிவது என்ன? முக்கியமாக இரண்டு: போய்ச் சேரவேண்டிய கம்ப்யூட்டரின் எண், நாடிச் செல்லும் இணையதளத்தின் பெயர். அந்தத் தளத்தில் எந்தப் பக்கம், அதில் என்ன வாசகம் என்பது தெரியாது. பெயரையும்கூட மறைக்கும் முறை வந்துவிட்டது; சில முக்கிய உலாவிகள் அதை ஏற்றுக்கொண்டும் இருக்கின்றன.

இதனால் விளையும் தொல்லையை நம் சென்னை உதாரணத்திலேயே பார்க்கலாம். 2012இல் '3' என்ற தமிழ்ப் படத்தையும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்தையும் திருட்டுத்தனமாக இணையத்தில் பரப்பக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட் தடை உத்தரவு பிறப்பித்தது. இணைய கம்பெனிகள் என்ன செய்தன? வீடியோ தளமான விமியோ போன்றவற்றை முழுக்க முழுக்க அடைத்துவிட்டன. எங்கும் கூச்சல் எழுந்தது. ஜூன் 22ஆம் தேதி கோர்ட் விளக்கம் தந்தது: குற்றமுள்ள குறிப்பிட்ட பக்கத்தைத் தடுத்தால் போதும், தளம் முழுவதையும் தடுக்க வேண்டியதில்லை.

நியாயமான தீர்ப்பு. தபால் கார்டு காலத்தில் அதை அப்படியே விதியாக எழுதி நிறைவேற்றலாம். ஒட்டிய கவர் காலத்தில் அந்த விதி பொருந்தாது. பக்கத்தின் விலாசம் கவருக்குள் அல்லவா இருக்கிறது! வழியில் நிற்கும் கம்பெனிக்கு இரண்டே வழிதான்: தளம் முழுவதையும் அடைப்பது, அல்லது சும்மா இருப்பது. ஒரு பக்கத்தை மட்டும் நீக்கக்கூடியவர் அந்தத் தளத்தை நடத்துகிறவர் ஒருவரே.

மூன்று உபாயங்கள்

காவலாளிகள் கைக்கொள்ளும் உபாயங்கள் மூன்று. முதலாவது, எண்ணைப் பார்த்துத் தடுப்பது. ஒரே எண்ணின் பின்னால் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் காலம் இது. 2018 ஏப்ரலில் ரஷ்யா டெலிகிராமைத் தடுக்க எண்ணி, அமேசான், கூகிள் ஆகியவற்றின் லட்சக்கணக்கான எண்களை அடைத்தது. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது; சம்பந்தமில்லாத எத்தனையோ சேவைகள் நின்றன.

இரண்டாவது, பெயரைப் பார்த்துத் தடுப்பது. ரிலையன்ஸ் ஜியோ இப்படிக் கவரின் மேலுள்ள பெயரைப் படித்துத் தளங்களை அடைப்பதை, சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்டு சொசைட்டி என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2019இல் கண்டு வெளியிட்டது.

மூன்றாவது, கவரைப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டுவது. ஓர் ஆபீஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களில், ஊழியர்களுக்குத் தெரிவித்துவிட்டு இதைச் செய்தால் குற்றமில்லை. தேசத்துக்கே செய்தால்? 2019இல் கஜகஸ்தான் அரசாங்கம் தான் கொடுத்த சான்றிதழை ஒவ்வொருவரும் ஏற்கவேண்டும் என்றது. கூகிள், மொஸில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் உலாவிகளில் அந்தச் சான்றிதழைத் தள்ளிவிட்டன.

காஷ்மீரின் பட்டியல்

தலைகீழான விதி ஒன்றும் உண்டு: "எல்லாவற்றையும் தடு; பட்டியலில் உள்ளதை மட்டும் விடு." காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட இணையத்தை 2020 ஜனவரியில் திறந்தபோது அரசாங்கம் இதைத்தான் செய்தது. கம்பெனிகள் தீச்சுவர் அமைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதலில் 153 தளங்கள், சில நாட்களில் 301.

இந்தப் பட்டியலும் சரிப்படவில்லை. இக்காலத்து இணையப் பக்கம் ஒன்று தன் படங்களையும் எழுத்துருக்களையும் மற்றச் சாமான்களையும் பத்து இடங்களிலிருந்து வரவழைக்கிறது. வங்கியின் பெயர் பட்டியலில் இருக்கும். அதற்குச் சாமான் தரும் தளங்களின் பெயர் இராது. வீட்டுக்காரரை உள்ளே விட்டு, அவருடைய அரிசி மூட்டையை வாசலில் நிறுத்திய கதைதான். மார்ச் 4ஆம் தேதி பட்டியல் கைவிடப்பட்டது.

தூத்துக்குடியில் நேர்ந்தது

பொறுக்கித் தடுக்க முடியாதபோது, அடியோடு நிறுத்தும் ஆசை எழுகிறது. 2018 மே 22ஆம் தேதி, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான கிளர்ச்சியின்போது தூத்துக்குடியில் போலீஸார் சுடத் தொடங்கினர். அந்தத் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 5 நாட்களுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவாயிற்று. சமூக ஊடகங்களில் பரவும் செய்திகள் கலவரத்தைத் தூண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். மற்ற இரு மாவட்டங்களில் தடை முன்னதாகவே நீங்கியது, தூத்துக்குடியில் நீடித்தது.

வாட்ஸப் செய்திகளுக்கு 2016 முதலே சங்கேதப் பூட்டு உண்டு. வதந்தியை மட்டும் பிடித்து நிறுத்தும் விதி எந்தத் தீச்சுவரிலும் எழுத முடியாது. ஆகவே வதந்தியோடு மறுப்பும் நின்றது. "என் மகன் எந்த ஆஸ்பத்திரியில்?" என்று விசாரிக்கும் செய்தியும், வியாபாரியின் பணப் பட்டுவாடாவும் அந்தத் தடைக்குள் அடங்கியவைதாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

செய்யவேண்டியது

அமைதி காப்பது அரசாங்கத்தின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உத்தரவு போடுகிறவர்கள் கருவியின் இயல்பை அறிந்து போடவேண்டும். எண்ணாலா, பெயராலா, எம்முறையில் தடுக்கப்போகிறோம், கூடவே எவையெல்லாம் நின்றுபோகும் என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குற்றமுடையதானால், தளம் நடத்துகிறவரிடமே முதலில் போக வேண்டும்.

சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரி 10ஆம் தேதி அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகள் பிரசுரிக்கப்பட வேண்டும், அளவுக்கு மீறக் கூடாது, காலவரையின்றி நீடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தனித்தனித் தளங்களை அடைக்கும் 2009ஆம் ஆண்டு விதிகள், புகார்களையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ஊரை அடைத்தால் சொல்லவேண்டும், தளத்தை அடைத்தால் சொல்லவேண்டாம் என்பது என்ன நியாயம்? அடைபட்டவருக்குக் காரணம் தெரிந்தால்தானே கோர்ட்டுக்குப் போக முடியும்?

காவலாளிக்குக் கவருக்குள் இருப்பது தெரியாது. அவனுக்கு விதி எழுதிக் கொடுக்கிறவர்களாவது அதை நினைவில் வைத்து எழுதட்டும்.